ஈகை

'ஈ' என்னும் வினையடியில் பிறந்த சொல் ஈகை. ஈ, தா, கொடு மூன்றும் இரந்து கேட்கும் சொற்களே என்கிறது தொல்காப்பியத்தின் எச்சவியல். ஆனால் தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். ஆக, நாம் போற்றும் ஈகையின் வேரிலேயே கீழே நிற்பவரின் குரல் இருக்கிறது. இது என்னை உறுத்துகிறது.

திருப்பூரில் ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்காவின் மகள் படிப்பது, அக்காவின் முதலாளி கட்டித் தந்த வகுப்பறையில். வாசலில் அவர் பெயர் பொறித்த பளிங்குக்கல். "நல்ல மனுசருங்க. பீஸ் ரேட்டை ஏத்தச் சொன்னா மட்டும் ஆர்டர் இல்லீங்கறாரு" என்றார் அக்கா, சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணியபடி. மழை ஒழுகாத அந்த வகுப்பறையை நான் குறைசொல்ல மாட்டேன். அது வேண்டும்.

ஆனால் இதே ஊரின் பனியன் தொழிலாளர்கள் 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காக. விலைவாசி ஏறும்போது கூலியோடு சேர வேண்டிய பங்கு அது. 'படி' என்றால் அளந்து தருவது. அதைக் கேட்டவர்கள் 'ஈ' என்று கேட்கவில்லை. 'தா' என்றே கேட்டார்கள்.