வியன்னா கூ

‘கூ’ பிரெஞ்சுச் சொல். ‘அடி’ என்று பொருள். எழுத்தில் கடைசியாக நிற்கும் ‘ப்’ ஒலிக்காது. ஆட்சிக் கவிழ்ப்பைக் குறிப்பதும் இதே சொல்தான். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்திலும் கவிழ்ப்பு உண்டு, ரத்தம் மட்டும் இல்லை.

‘வியன்னா கூ’ என்ற பெயர் பிரிட்ஜைவிட மூத்தது. அதன் முன்னோடியான விஸ்ட் ஆட்டம் பற்றி 1864இல் எழுதிய ஜேம்ஸ் கிளே, வியன்னாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆடியதாக இந்த உத்தியைச் சொல்கிறார். ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆட்டின் ராணி நம் கையில். ஆட்டின் ஏஸ், இஸ்பேட் ஏஸ், ஜாக்கி மூன்றும் டம்மியில், அதாவது கூட்டாளி எதிரே விரித்த சீட்டுகளில். ஆட்டின் ராஜாவும் இஸ்பேட் ராஜா, ராணியும் ஒரே எதிராளியிடம். முதலிலேயே ஆட்டின் ஏஸை இறக்கிவிட வேண்டும். அவருடைய ராஜாவை நாமே பெரிய சீட்டாக்குகிறோம், பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம். பிறகு கிளாவர் பிடிகளை வரிசையாக எடுக்கிறோம். கடைசிக் கிளாவர் விழும்போது அவரிடம் இருப்பது அந்த மூன்று சீட்டுகளே. ஆட்டின் ராஜாவைக் கழித்தால் நம் ராணி எழும். இஸ்பேடைக் கழித்தால் ஏஸுக்குப் பின் ஜாக்கி எழும். இந்த நெருக்கடிக்குப் பெயர் ‘ஸ்க்வீஸ்’. ஏஸை முன்பே இறக்கியதுதான் ‘வியன்னா கூ’. பலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள், அது தவறு.