வீட்டிலிருந்து சம்பாதிப்பது சுமையே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வரம் என்று வாதாட வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என்னோடு சேர்ந்து சுமையைத் தூக்க வந்திருக்கும் என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே! வீட்டில் கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! 

'வீட்டிலிருந்தே சம்பாதிப்பது வரமா? சுமையா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன அழகாகச் சொன்னார்! பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம், மேலதிகாரி முகத்தில் முழிக்க வேண்டாம். மேலே கோட்டு, கீழே கைலி. கம்ப்யூட்டரில் தெரிவது கோட்டு மட்டும்தான் என்றார். (சிரிப்பு)

ஐயா, கோட்டு எல்லாருக்கும் தெரியுது. கைலி யாருக்கும் தெரியல. நான் இன்னிக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத பாகத்தைப் பத்திதான் பேசப்போறேன். தப்பா எடுத்துக்காதீங்க, கைலியைச் சொல்லல. உழைப்பைச் சொல்றேன். (சிரிப்பு, கைதட்டல்)

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்று ஒன்று பிறந்தது போலப் பேசுகிறார்கள். நடுவர் அவர்களே, இது இரண்டாயிரம் வருஷத்துப் பழைய கதை. புறநானூற்றிலே பருத்தி நூற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். ஊர் உறங்கும் நேரத்தில் பஞ்சின் தூசியையும் குப்பையையும் தட்டி ஒதுக்க எழுந்திருக்கிறாள். அவள் வீட்டில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. இராத்திரி ஷிப்ட் கம்ப்யூட்டர் கம்பெனி கண்டுபிடித்தது இல்லை ஐயா, அது எங்கள் பாட்டி பார்த்தது! (கைதட்டல்)

நற்றிணையில் இன்னொரு காட்சி. மலை உச்சியில் தவழ்கிற மேகத்துக்கு உவமை தேடுகிறார் புலவர். ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைப் போல இருக்கிறதாம் அந்த மேகம். இருபத்தைந்து வருஷமா வகுப்பிலே இந்தப் பாட்டை நடத்துறேன். உவமை நயம், உவமை நயம்னு உருகி உருகி நடத்துவேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்தாள். 'ஐயா, அந்த நூலுக்குக் கூலி எவ்வளவு?' என்றாள். எனக்கு வாயடைத்துப் போச்சு.

மேகம் புலவர் கண்ணில் பட்டது. நூல் பட்டது. நூற்றவளுக்குக் கூலி என்ன, பேர் என்ன? அது பாட்டில் இல்லை. இதுதான் என் கட்சி. வீட்டில் செய்த வேலை ஊருக்குத் தெரியும். செய்த ஆள் தெரியமாட்டாள்.

அடுத்து நெசவுக்கு வாருங்கள். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். வீட்டுக்குள்ளே தறி இருக்குன்னு சொல்லக்கூடாது, தறியைச் சுற்றி மிச்சம் இருக்கிற இடத்துலதான் குடும்பம் இருக்கு. குழியில் கால், கையில் நாடா. புருஷன் நெய்வார். பெண்டாட்டி தார் சுற்றித் தருவாள், பிள்ளை அறுந்த இழையை எடுத்துக் கொடுக்கும். சேலை ஒன்று, கூலி ஒன்று. அந்தக் கூலியும் ஒருத்தர் பேரில்தான் எழுதப்படும்.

1639-ல் சென்னையில் இடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்கே எதைத் தேடி வந்தான்? நம் வீட்டுத் தறியில் நெய்த துணியைத் தேடி வந்தான். வியாபாரிகள் மூலமாக நெசவாளிக்கு முன்பணம் கொடுத்தான். வாங்கியவன் துணியை அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். வீடு என் வீடு, தறி என் தறி, விரல் என் விரல். நெய்து முடித்த துணி மட்டும் என்னுடையது இல்லை. எதிரணி நண்பர் 'வீட்டிலே நாமே ராஜா' என்றாரே, இதுதான் அந்த ராஜ்ஜியம்! (கைதட்டல்)

இங்கிலாந்திலும் அன்றைக்கு இதே கதைதான். வியாபாரி கம்பளியைக் கொண்டுவந்து குடிசையில் போடுவான். குடும்பமே நூற்கும், நெய்யும். அவன் வந்து எடுத்துப்போவான். 1771-ல் ஆர்க்ரைட் என்பவர் கிராம்ஃபோர்டு என்ற ஊரில் தண்ணீர் விசையால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். வேலை வீட்டை விட்டு ஆலைக்குப் போனது. ஆலை சொர்க்கமா? இல்லை. சின்னப் பிள்ளைகளைக் கூட வதைத்த இடம் அது. ஆனால் ஒரு நல்லது நடந்தது. ஒரே கூரையின் கீழ் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'உனக்கு என்ன கூலி? எனக்கு என்ன கூலி?' என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விதான் சங்கம் ஆனது. நம் சென்னையில் 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்களே, அது எப்படி முடிந்தது? ஆலை வாசல் என்று ஒன்று இருந்ததால் முடிந்தது. வீட்டு வேலைக்காரிக்கு ஏது ஐயா வாசல்? அவள் வீட்டு வாசலில் கோலம்தான் போட முடியும், கூட்டம் போட முடியாது! (நீண்ட கைதட்டல்)

முதலாளிக்கு இது புரியாதா? நன்றாகவே புரிந்தது. பீடித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, மின்விசை இல்லாத இடமானால் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. பல முதலாளிகள் பார்த்தார்கள். கொட்டகையை மூடு, இலையையும் தூளையும் வீட்டுக்கு அனுப்பு. வீட்டில் ஒருத்திதானே இருக்கிறாள்? சட்டம் எப்படி உள்ளே வரும்? 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்றே ஒரு மத்திய சட்டம் வந்து, வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று சொன்னது. கேரளத்தில் அதை அமல்படுத்தியபோது, மங்களூர் பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பக்கம் கடையை மூடிவிட்டார்கள். சுமார் 12,000 பேருக்கு வேலை போனது. அவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குள் போகவில்லை. 1969-ல் தினேஷ் பீடி என்று சொந்தக் கூட்டுறவை ஆரம்பித்தார்கள். அந்தப் பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். கை பீடி சுற்றியது, காது உலகத்தைச் சுற்றியது! (கைதட்டல்)

இதே காலத்தில், மலைக்கு இந்தப் பக்கம், தென்காசி அருகே ஒரு கிராமத்தில் ஒரு வீட்டு நடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்திரிகை படித்துக்காட்ட யாரும் இல்லை. நடுவர் அவர்களே, அது என் அம்மா.

மடியில சுளகு. ஈரத்துணியில சுற்றின இலை. தகடு வச்சு கத்தரியால வெட்டி, தூளை வச்சு, உருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டி... ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. சோறு வடிக்கிற நேரம், தொட்டில் ஆட்டுற நேரம் எல்லாம் இந்த ஆயிரத்துக்குள்ள அடங்கணும். சாயந்தரம் பீடிக் கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போகணும். கூட நான் போவேன். கடைக்காரர் கட்டை எடுத்துப் பார்ப்பார். 'இது சொத்தை, இது லூசு' என்று கழித்துப் போடுவார். கழிச்ச பீடிக்குக் கூலி கிடையாது. அந்தப் பீடியும் திரும்பி வராது. கொடுத்த இலை ஆயிரத்துக்குக் காணாது, குறைக்குக் கைக்காசு போட்டு இலை வாங்கணும். எதிரணி நண்பரே, இதுவும் 'வீட்டிலிருந்தே சம்பாத்தியம்'தான்!

1987-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பினேன். தந்தை தொழில் என்ற இடத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதினேன். தாயின் தொழில் என்று கேட்டிருந்தது. யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்று எழுதினேன். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டின பணம் பீடி சுற்றின பணம் ஐயா! கையில் நோட்டில் புகையிலை வாடை அடிக்குது, காகிதத்துல 'இல்லை'ன்னு எழுதுறேன். இன்றைக்கு முனைவர் என்று என் பேருக்கு முன்னால் போடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை எழுதின கையும் இதே கைதான்.

நான் மட்டுமா அப்படி எழுதினேன்? 1985-ல் உச்ச நீதிமன்றம் வீட்டில் பீடி சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெரிய தீர்ப்பு. அதன் பலன் யாருக்கு? கம்பெனிப் பாஸ் புத்தகத்தில் பேர் உள்ளவர்களுக்கு. என் அம்மாவுக்குப் புத்தகம் தரவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் புத்தகத்தில்தான் எங்க அம்மா பீடியும் ஏறும். இருபது வருஷம் இரண்டு பேர் சுற்றினார்கள், ஒரு பேர் எழுதினார்கள். கடைசியில் அத்தைக்குப் பென்ஷன் வந்தது. எங்க அம்மாவுக்கு இருமல் வந்தது.

அந்த அத்தை நல்ல மனுஷி. முதல் மாசப் பென்ஷன் வாங்கினவுடனே நேரா எங்க வீட்டுக்கு வந்து நூறு ரூபாயை அம்மா கையில வச்சாங்க. 'இதுல பாதி ஒன் சுத்து ளா' என்று அழுதாங்க. அம்மா பேசாம வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. அவங்க போனப்புறம், 'நான் வேலைக்குப் போறேன், அது எதுக்கும்மா வாங்குன?' என்றேன். அம்மா சொன்னாங்க: 'தானம்னா வாங்கியிருக்க மாட்டேன்லே. இது கூலி.' (அரங்கம் அமைதி, பின் நீண்ட கைதட்டல்)

இப்போது எதிரணி ஒரு கேள்வி கேட்கும். 'லிஜ்ஜத் அப்பளத்தை மறந்துவிட்டீரா?' என்று. மறக்கவில்லை. 1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கினார்கள். முதல் நாள் நாலே பாக்கெட். மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தேய்த்து, மறுநாள் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். பல்லாயிரம் பெண்களாகப் பெருகினார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வேலை வீட்டில்தான். ஆனால் கணக்குப் புத்தகம்? அது அவர்களுடையது. ஒவ்வொரு பெண்ணும் பங்குதாரர். அம்மா வீட்டில் உட்கார்ந்து தேய்த்த அப்பளமும் வீட்டில் உட்கார்ந்து சுற்றிய பீடியும் ஒன்றா? இடம் ஒன்று, புத்தகம் வேறு!

அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972-ல் சேவா சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள், 'முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு?' என்று கேட்டார்கள். 'சங்கம் முதலாளியை எதிர்க்க மட்டுமா? நாங்கள் ஒன்று சேர' என்று வாதாடிப் பதிவு வாங்கினார். வீட்டில் வேலை செய்பவரும் தொழிலாளியே என்று உலகத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் போட 1996 ஆகிவிட்டது. நூற்றவளின் விளக்குக்கும் அந்தக் காகிதத்துக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, எதிரணி காட்டிய வரம் வீட்டால் வந்தது இல்லை. பேர் எழுதியதால் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் கைலியோடு நிம்மதியாக இருக்கிறார் என்றால், அவர் கையில் பணி நியமன ஆணை இருக்கிறது. திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டுகிறவள், மதுரையில் மல்லிகை கட்டுகிறவள், அவர்கள் கையில் என்ன இருக்கு? கத்தரிக்கோல் தழும்பு இருக்கு, நூல் அறுத்த கோடு இருக்கு. பேர் எழுதாத வரைக்கும் அது சுமைதான். எழுதுங்கள், எழுதிய அன்றைக்கு நானே எழுந்து போய் எதிரணி நாற்காலியில் உட்காருகிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். எனக்கு ஒரு திருத்தம் மட்டும் பாக்கி இருக்கிறது. 1987 விண்ணப்பத்தில் தப்பாக எழுதிவிட்டேன். இத்தனை பேர் முன்னால் திருத்திக்கொள்கிறேன். தாயின் தொழில்: பீடித் தொழிலாளி.

(நீண்ட கைதட்டல்)