கதம்பலும் ரப்பர் பாலும்: கர்லான் மெத்தையின் வரலாற்றில் குமரி மாவட்டம்

குலசேகரத்தைத் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள். ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கம் வந்தால் தென்னந்தோப்புகள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. இந்திய நடுத்தர வர்க்கம் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் படுத்துறங்கிய மெத்தை, தேங்காய் நாரும் ரப்பர் பாலும் சேர்ந்து உருவானது. இரண்டும் ஒரே மாவட்டத்தில் விளைகின்றன. ஆனால் அந்த மெத்தையால் பெயர் பெற்ற ஊர்கள் மணிப்பாலும் ஆலப்புழையும் பெங்களூரும். மூலப்பொருள் இருந்த இடத்தில் தொழில் ஏன் வளரவில்லை என்ற கேள்வியோடுதான் கர்லான் நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் மெத்தை நெடுங்காலம் கல்யாணச் சாமானாகவே இருந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் கட்டிலோடு இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் போகும். அன்றாடம் படுப்பது பாயில். பஞ்சு மெத்தை சில வருஷத்தில் கட்டிபட்டுவிடும். வெயிலில் போட்டு, உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். போடிநாயக்கனூர் இன்றும் இந்தப் பஞ்சுக்குப் பேர்போன ஊர். தைப்பவர் உள்ளூர்க்காரர். கம்பெனி என்று எதுவும் கிடையாது. மெத்தைக்குத் தனிப் பெயரும் கிடையாது.

பெயர் வைத்து விற்கும் மெத்தைக்கு வழிதிறந்தது ரப்பர் பால்தான். 1929இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர் இ.ஏ. மர்ஃபி ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வேகவைத்துப் பஞ்சுபோன்ற நுரை ரப்பரை உண்டாக்கினார். தமிழ்நாட்டில் இந்த வகை மெத்தையைப் பரவலாக்கியது எம்.எம். ஃபோம். அதைத் தயாரித்த எம்.எம். ரப்பர் கம்பெனி 1964இல் தொடங்கியது; ஆலை ராணிப்பேட்டையில்.

எம்.எம். ரப்பரின் பின்னணி தென் திருவிதாங்கூர்க்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. அது எம்.ஆர்.எஃப். குடும்பத்து நிறுவனம். அக்குடும்பத்தின் மூத்தவர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியை நடத்தியவர்களில் முதன்மையானவர். திவான் சி.பி. ராமசுவாமி ஐயரோடு ஏற்பட்ட மோதலின் நடுவே 1938இல் வங்கி முறிந்தது. மாப்பிள்ளை சிறைக்குப் போனார். மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை சென்னையில் பலூன் விற்று, 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். எம்.ஆர்.எஃப். அங்கே பிறந்தது. நாகர்கோவிலும் கல்குளமும் விளவங்கோடும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. ரப்பர் விளையும் நாட்டின் பெரிய வங்கி ஒன்று விழுந்தது. அதை நடத்திய குடும்பம் ரப்பர் விளையாத சென்னைக்குப் போய்த் தொழில் கட்டியது.

இதற்கு நேரெதிர் உடுப்பி வட்டாரம். அங்கே 1925இல் பை குடும்பத்தார் முன்னின்று தொடங்கிய வங்கி பின்னாளில் சிண்டிகேட் வங்கியாக வளர்ந்தது. அதே மணிப்பால் பை குடும்பத்தைச் சேர்ந்த டி. ரமேஷ் பை 1962இல் கர்நாடகா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கர்லான் மெத்தை அதன் தயாரிப்பு. அடுத்த ஆண்டே, 1963இல், ஆலப்புழையில் பி.சி. மாத்யூ டியூரோஃப்ளெக்ஸைத் தொடங்கினார். ஆலப்புழையில் 1859இலேயே ஜேம்ஸ் டாரா கயிற்றுத் தொழிற்சாலை வைத்துவிட்டார். அந்தத் துறைமுக நகரை வளர்த்தெடுத்த திவான் ராஜா கேசவதாஸ் நம் விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்தவர் என்பதைக் குமரிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

நார் மெத்தை செய்யும் முறை நுட்பமானது. ஊறப்போட்டு எடுக்கும் வெள்ளை நார் கயிறு திரிக்க நல்லது. மெத்தைக்கு அது உதவாது. முற்றிய கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, ஆலையில் அடித்துப் பிரிக்கும் முரட்டுப் பழுப்புத் தும்புதான் வேண்டும். அதை முறுக்கிக் கயிறாக்கி, முறுக்கு உறைக்கும்வரை அப்படியே விட்டுவைப்பார்கள். பிறகு பிரித்தால் நார் நேராக நிற்காது, ஸ்பிரிங்போலச் சுருண்டு நிற்கும். அதை விரிப்பாகப் பரப்பி, கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் கலந்த ரப்பர் பாலைத் தெளிப்பார்கள். நாரும் நாரும் தொடும் இடங்களில் பால் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த விரிப்புகளை அடுக்கி, அழுத்தி, சூடேற்றினால் கெட்டியான, காற்றோட்டமுள்ள பலகை கிடைக்கும். உட்கார்ந்து எழுந்தால் பழைய உயரத்துக்கே திரும்பிவிடும்.

லைசென்ஸ் காலத்தில் நார் மெத்தைக்கு ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. பாலியூரித்தேன் நுரைக்கு வேண்டிய பெட்ரோ ரசாயனங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நாரும் பாலும் உள்நாட்டிலேயே கிடைத்தன. ஆனாலும் கர்லானை உயர்த்தியது பொருள் மட்டும் அல்ல, கடை. ஊர் ஊராக முகவர்கள், விளம்பரம், ‘நார் மெத்தை முதுகுக்கு நல்லது’ என்ற நம்பிக்கை, குறித்த அளவில் தயாராக வந்து இறங்கும் சரக்கு. வீட்டு வாசலில் பஞ்சடித்த தொழிலாளி இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

குமரியில் அப்போது என்ன நடந்தது? வனத்துறை வளர்த்த ரப்பர் தோட்டங்கள் 1984இல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலருக்கு அத்தோட்டங்கள் வேலை தந்தன. சிரட்டையில் விழும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். மெத்தைக்கு வேண்டியது இயந்திரத்தில் சுழற்றி 60 சதவீதமாகச் செறிவூட்டிய பால். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு அது எட்டாது. அவர் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் விட்டு ஷீட் அடித்து, கொடியில் போட்டுக் காயவைக்கிறார். விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கலாம் என்ற கணக்கு நியாயமானதே. ஆனால் ஷீட்டாகிவிட்ட ரப்பர் டயருக்குப் போகும், மெத்தைக்குப் போகாது. கடற்கரையிலும் இதே கதை: காயலில் கதம்பல் அழுகப்போட்டு, பெண்கள் ராட்டில் கயிறு திரித்த மரபு வெள்ளை நாரைச் சார்ந்தது. இரண்டு பொருளும் இருந்தும் இரண்டும் மெத்தைக்கு ஏற்ற வடிவில் இல்லை. முதலீடு இல்லாததைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

1991க்குப் பிறகு காற்று திசைமாறியது. இறக்குமதித் தடைகள் தளர, பாலியூரித்தேன் நுரை மலிவானது. லேசானது, வெட்டலாம், சுருட்டலாம், லாரியில் நிறைய ஏற்றலாம். 1971இல் ஷீலா கௌதம் தொடங்கிய ஷீலா ஃபோம், ‘ஸ்லீப்வெல்’ என்ற பெயரில் வடக்கிலிருந்து வளர்ந்து வந்தது. கர்லானும் நுரை, ஸ்பிரிங் மெத்தைகளுக்கு இறங்கியது. ரப்பர் விலையும் ஓரிடத்தில் நிற்கவில்லை: 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. ஏறியபோது மெத்தை ஆலைக்கு நெருக்கடி. இறங்கியபோது குமரியில் பால்வெட்டை நிறுத்தியவர்கள் ஏராளம். 2016இல் பெங்களூரில் பிறந்த வேக்ஃபிட், மெத்தையைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து இணையத்தில் விற்றது. கர்லானின் பெரும்பலமாக இருந்த கடை வலையையே அது சுற்றிக்கொண்டு போனது. 2023 ஜூலையில் கர்லானின் 94.66 சதவீதப் பங்குகளை வாங்குவதாக ஷீலா ஃபோம் அறிவித்தது. கர்லானுக்குப் போட்ட மதிப்பு 2,150 கோடி ரூபாய். அறுபது ஆண்டு நார் மெத்தை நிறுவனம் நுரை நிறுவனத்தின் கைக்குப் போனது.

இப்போது இயற்கை ரப்பர் மெத்தைக்கும் நார் மெத்தைக்கும் மறுபடி மதிப்பு வருகிறது; விலை கூடுதலானாலும் கேட்டு வாங்குகிறார்கள். கேரளத்தில் கண்ணூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்கோ, கூட்டுறவு அமைப்பாகவே மெத்தை விற்கிறது. அதன் கடன் சுமையிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு. செறிவூட்டிய பாலை அரசு ரப்பர் கழகமே தயாரிக்கிறது. பழுப்புத் தும்பு எடுக்கும் இயந்திரமும் புதிதல்ல. கயிறு வாரியமும் மாவட்டத் தொழில் மையமும் அரசு ரப்பர் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சிறு விவசாயிகளைப் பங்குதாரர்களாக்கி, நாரும் பாலும் ஒரே கூரையின் கீழ் சேரும் ஆலை ஒன்றைக் குமரியில் தொடங்க வேண்டும். மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுப்பட்டும்.