ஒருபாற் காதலும் ஓய்வும்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ 1994இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் மகன் ஆர்ஜி, சிங்கள மாணவன் ஷெகான்மீது கொள்ளும் காதலை அது பேசுகிறது. முற்போக்காளருட் சிலர் இத்தகைய எழுத்தை நடுத்தர வர்க்கச் சீரழிவென ஒதுக்குவதுண்டு. அது அவசரத் தீர்ப்பு என்பதே எமது கருத்து.

ஆர்ஜியும் ஷெகானும் கூடுவது வசதியான வீட்டின் கார்க் கொட்டகையில். அதே நாவலில், தந்தையாரின் கடற்கரை ஹோட்டலுக்கு விடுமுறையிற் கழிக்க வரும் வெளிநாட்டார் கிராமத்துப் பையன்களை அறைக்கு அழைத்துச் செல்கின்றனர். வியாபாரங் கருதித் தந்தையார் கண்டுகொள்வதில்லை. காதல் வேறு, சுரண்டல் வேறு என்பதை ஆசிரியர் தெளிவாக உணர்ந்துள்ளார்.

இதனை ஹட்டனில் இருந்து வாசிக்கையில் வேறொரு கேள்வி எழுகிறது. தோட்டத்தில் ஓய்வுக்கும் விலையுண்டு: கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், வேலைக்கு வராவிடிற் பேரே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே உறங்கிய லயங்களில் தனிமை ஏது? சித்திரையில் நுவரெலியாவுக்கு உல்லாசம் தேடி வருவோர் அவற்றைக் காட்சியாகவே கண்டு கடந்தனர்.

ஒருபால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவை 1883இல், கோப்பி அழிந்து தேயிலை பரவிய அதே காலத்தில் வந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதனுள் அடக்கியது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) முதலிய நாவல்கள் தோட்ட வாழ்வின் துயரை நமக்குத் தந்தன. அந்த லயத்தில் இரு ஆண்கள் காதலித்திருப்பின், பிரட்டுக்களத்துக்கும் கொழுந்து மலைக்கும் இடையில் அவர்கள் எங்கே நின்று பேசியிருப்பர்?