கஞ்சாவா, பொய்யா: அமெரிக்க 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' எதில் சிக்கும்?

நம்ம ஊரிலிருந்து போய் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு இன்ஜினீயர் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நல்ல ஆஃபர். ஆனால் அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, அதாவது செக்யூரிட்டி கிளியரன்ஸ், கிடைத்தால்தான் வேலை. அதற்கான எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் 23-வது பகுதியில் நின்றுவிடுகிறார். கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்கிறது கேள்வி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கலிஃபோர்னியாவில், லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கி, இரண்டு தடவை கஞ்சா புகைத்திருக்கிறார். "அங்கதான் லீகல் ஆச்சே, 'இல்லை'ன்னு போட்டா என்ன?"

போடக்கூடாது. மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படியே பதில் சொல்ல வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. நிறையப் பேர் வாசிக்காமல் தாண்டிவிடும் வரி இது.

யார், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பில் 'ஏ' முதல் 'எம்' வரை 13 அளவுகோல்கள் இருக்கின்றன. போதைப்பொருளுக்கு 'ஹெச்'. நேர்மைக்கு 'ஈ'. ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி ஆன்லைனில் போடுகிறார்கள். படித்துப் பாருங்கள், இந்த இரண்டும் அடிக்கடி ஜோடியாகவே வரும். புகைத்தது ஒரு குற்றச்சாட்டு, அதை மறைத்தது இன்னொன்று.

இதில் முதலாவதைக் கடந்து வர வழி இருக்கிறது. எப்போது, எத்தனை தடவை, எந்தச் சூழலில் என்று பார்ப்பார்கள். பயன்படுத்தி நாளாகியிருந்தால், பழைய நட்பு வட்டத்திலிருந்து விலகியிருந்தால், 'இனி தொட மாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதெல்லாம் உங்களுக்குச் சாதகம். முன்பு கஞ்சா புகைத்தது கணக்கில் வரும், ஆனால் அது மட்டுமே தீர்ப்பாகிவிடாது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸ் வழிகாட்டுதலும் கொடுத்தார்.

இப்போதும் பயன்படுத்துபவர் என்றால் கதை வேறு. சட்டமே தடுக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு 'கடைசியா ஒரு பார்ட்டி' என்று போவதைவிட முட்டாள்தனம் கிடையாது.

பொய்க்கு ஏன் இவ்வளவு கடுமை?

மறைக்க ஒரு விஷயம் வைத்திருப்பவரை, அதைத் தெரிந்துகொண்ட எவரும் மிரட்டலாம். ரகசியத்தைக் காப்பவருக்கு அது பெரிய ஓட்டை. தவிர, விசாரணை அதிகாரி உங்கள் பழைய ரூம்மேட், பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை பார்த்தவர் என்று போய்ப் பேசுவார். சில ஏஜென்சிகளில் பாலிகிராஃப் சோதனையும் உண்டு. தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபணமானால் 5 ஆண்டு வரை சிறை.

உண்மையைச் சொன்னால்? 23-வது பகுதியில் நீங்கள் தரும் உண்மையான பதிலை உங்களுக்கு எதிரான குற்ற வழக்கில் ஆதாரமாக்க மாட்டோம் என்று அந்தப் படிவமே உறுதி தருகிறது. அதற்காகக் கிளியரன்ஸ் நிச்சயம் என்று அர்த்தமில்லை. சந்தேகம் வந்தால் தேசப் பாதுகாப்புக்குச் சாதகமாகவே முடிவெடு என்பதுதான் விதி. உண்மை சொல்லியும் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில், 'ஓப்பனா சொல்லிடு, ஒண்ணும் ஆகாது' என்று அடித்துவிடும் அறிவுரை பாதி உண்மைதான்.

ஏற்கெனவே 'இல்லை' என்று எழுதிவிட்டேனே?

அதிகாரி ஆதாரத்தோடு கேட்பதற்கு முன்பே நீங்களாகப் போய்த் திருத்த வேண்டும். தாமதிக்காமல் திருத்தியது உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்வதற்கு அந்த மதிப்பு கிடையாது. 'நண்பன் சொன்னான், அதான் விட்டுட்டேன்' என்பதும் எடுபடாது. இந்த நடைமுறையில் ஆலோசனை சொல்லும் பொறுப்பிலிருக்கும் வழக்கறிஞரோ அதிகாரியோ தவறாக வழிகாட்டியிருந்தால்தான் அது கணக்கில் வரும்.

நிரப்பிய படிவத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதே கேள்விகள் மறுபடி வரும், அப்போது பழைய பதிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.