கிருஷ்ணன்கோவில் என்னும் முகவரி

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் வருகிறது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குப் பிரியும் சாலை, சில தேநீர்க் கடைகள், மேற்கே நீலமாகத் தெரியும் மலைத்தொடர், சாலையோரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெரிய வளாகம். ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் இடையே பல்லாண்டுகள் பேருந்தில் போய்வந்தவன் நான். அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம், புற்றீசல்போல் முளைத்த சுயநிதிக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். தமிழ் படித்தவர்களுக்கு இப்படி ஓர் அலட்சியம் எளிதில் வந்துவிடுகிறது. அது எவ்வளவு பிழையானது என்று உணர்ந்த பிறகே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தமிழகத்தில் பொறியியல் கல்வியின் கதை, 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. அதுவே வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரியாகிப் பின்னர் கிண்டியில் நிலைபெற்றது. தென் மாவட்டங்களுக்கு அக்கல்வி மிகத் தாமதமாகவே வந்தது. மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957இல் வந்தது. திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரிக்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இது தொழில் அறியாத வட்டாரம் அன்று. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு தறிகளில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யப்பட்டது. சிவகாசியில் அச்சகங்களும் தீப்பெட்டித் தொழிலும் இருந்தன. 1963இல் ராஜபாளையத்தில் ராமசாமி ராஜாவின் பெயரால் ஒரு பாலிடெக்னிக் எழுந்தது. எந்திரத்தை ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆட்களை ஊரே உருவாக்கிக்கொண்டது. ஆனால் பட்டப்படிப்பு வேண்டுமென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் போக வேண்டும். அதற்கு வசதியுள்ள குடும்பங்கள் குறைவு; பெண்களை அனுப்பத் துணிந்தவை இன்னும் குறைவு.

எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டில் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கோவில்பட்டியில் நேஷனல், கிருஷ்ணன்கோவிலில் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி என மூன்று கல்லூரிகள் எழுந்தன. மூன்றாவதைத் தொடங்கியவர் கல்வி வள்ளல் என்று இவ்வட்டாரத்தார் அழைக்கும் தி. கலசலிங்கம். விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. 1985இல்தான் ஒன்றுபட்ட ராமநாதபுரம் பிரிக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி என்று பெயர்பெற்ற பகுதியில் அடுத்தடுத்துப் பொறியியல் கல்லூரிகள் எழுந்ததை அன்று ஐயத்தோடு பார்த்தவர்கள் உண்டு. கட்டணம், தரம், பட்டதாரிகளின் பெருக்கம் ஆகியவை குறித்த அந்த ஐயங்களை இன்றும் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

அந்த விவாதத்தில் நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. பொறியியல் கல்லூரியில் கணிதத் துறை என்பது பெரும்பாலும் ஏவல் துறை. தொடக்கப் பருவங்களில் மாணவர்களுக்குத் தேவையான கணிதத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே அதற்கு விதிக்கப்பட்ட பணி. ஆய்வை யாரும் அங்கே எதிர்பார்ப்பதில்லை. கிருஷ்ணன்கோவிலில் அந்தத் துறையிலிருந்துதான் உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வு எழுந்தது.

அதன் மையமாக இருந்தவர் பேராசிரியர் எஸ். ஆறுமுகம். தமிழகத்தில் இளங்கலைக் கணிதம் படித்தவர்களிடம் ஆறுமுகம் – ஐசக் என்று சொன்னால் போதும், பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த அந்தப் பாடநூல்கள் நினைவுக்கு வந்துவிடும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின் அவர் இங்கு வந்தார். 2004இல் கல்லூரியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி 'ஏ.கே.சி.இ.' என்று தொடங்கும் பன்னாட்டுக் கோட்டுருவியல் ஆய்விதழ் வெளிவரலாயிற்று. 2006இல் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2007இல், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன், தனிநிலைக் கணிதத்துக்கான தேசிய உயராய்வு மையம் இங்கே நிறுவப்பட்டது.

கோட்டுருவியல் என்றால் என்ன? புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும், அவ்வளவுதான். 1736இல் கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து வர முடியுமா என்ற கேள்வியை ஆராய்ந்த ஆய்லர், முடியாது என்று நிறுவியதில் பிறந்த துறை இது. கிருஷ்ணன்கோவிலில் பெரிதும் ஆராயப்பட்ட ஒரு பகுதியை நம்மூர்ப் பெயர்களாலேயே விளக்கலாம். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என ஐந்து ஊர்கள் ஒரே சாலையில் வரிசையாக இருப்பதாகக் கொள்வோம். தீயணைப்பு நிலையம் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும், அல்லது அடுத்த ஊரிலாவது இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை நிலையங்கள் தேவை? நடுவில் இருக்கிறது, பெரிய ஊர் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கினால் மூன்று வேண்டியிருக்கும். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் வைத்தால் இரண்டே போதும். ஊர்கள் ஐயாயிரமாகி, சாலைகள் பின்னிப் பிணைந்துவிட்டால் இதே கேள்வி வலிமை மிக்க கணினிகளையும் திணறடிக்கும். தகவல்தொடர்புக் கோபுரங்களை எங்கே நிறுவுவது என்பது போன்ற பொறியியல் சிக்கல்களின் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

இத்தகைய ஆய்வுக்குக் கோடிகள் கொட்டிக் கட்டிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கரும்பலகை, நூலகம், விடாது உரையாடும் மனிதர்கள் போதும். பெருநகரங்களுக்குத் தொலைவில் இருந்த ஒரு கல்லூரி, தன் இடத்துக்குப் பொருந்திய துறையைத் தேர்ந்துகொண்டது என்பதே இதில் நாம் அறிய வேண்டிய பாடம் என்று கருதுகிறேன்.

சேர்வியல் நெறிமுறைகள் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று ஆண்டுதோறும் நாடு மாறி நாடு நடைபெறுகிறது. 2011இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்தது. 2013இல் பிரான்சின் ரூவான் நகரில். இடைப்பட்ட 2012 ஜூலையில் அது கூடிய இடம் கிருஷ்ணன்கோவில். அக்கருத்தரங்கக் கட்டுரைகளை ஸ்பிரிங்கர் நிறுவனம் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ஊரின் பெயர் இருக்கிறது. உலகின் எந்த நூலகத்தில் அந்நூலைத் தேடினாலும் நம் பேருந்து நிறுத்தம் ஒன்றின் பெயர் கண்ணில் படும்.

கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. நிகர்நிலை நிறுவனங்கள் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாதென 2017இல் ஆணை வந்தபின் அந்தப் பெயரும் மாறியது. ஆய்விதழ் மட்டும் பழைய கல்லூரியின் முதலெழுத்துகளோடு இன்றும் வருகிறது. இப்போது டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் அதை வெளியிடுகிறது. அந்த எழுத்துகளை நாள்தோறும் மேற்கோள் காட்டும் அயல்நாட்டு ஆய்வாளர்கள் அவற்றின் விரிவை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் நாம்?

குறை நம் பக்கமும் உண்டு. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது மகிழ்ந்து பேசிய நாம், உயராய்வு தமிழில் பேசப்பட வேண்டும் என்று கேட்டோமா? கேட்பதற்கு நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் நம் வாசல் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள். அதே கிஃப்ட் சிரோமணி தமிழ்க் கல்வெட்டெழுத்துகளையும் ஆராய்ந்தவர். ஆண்டாளோ, நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே காமதேவனுக்காகத் தரையைத் தூய்மை செய்து நுண்மணலால் கோலமிடுகிறாள். கோலத்துக்கும் கோட்டுருவியலுக்கும் நேரடி மரபுத் தொடர்ச்சி இருப்பதாகச் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மிகை. புள்ளியும் கோடும் நமக்கு அந்நியமல்ல என்று மட்டுமே சொல்கிறேன்.

அந்த வளாகத்தில் பணிபுரியும் கணித ஆசிரியர்களில் பலர் இவ்வட்டாரத்தாரே. அவர்களில் ஒருவரை நம் இலக்கியக் கூட்டங்களுக்கு அழைத்து, தம் ஆய்வைத் தமிழில் ஒரு மணி நேரம் சொல்லுங்கள் என்று கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்துக்காவது கேட்க வேண்டும். கலைச்சொல் தட்டுப்பட்டால் தேடித் தருவதற்குத்தானே தமிழாசிரியர்கள் இருக்கிறோம்.