குரல் கொடுத்தல்: ‘சிங் அவுட்’ என்னும் ஆங்கில வினையும் கரைவலைக் கரையும்

உரக்கக் கூவுவதைச் சொல்லும் ஆங்கிலக் கூட்டுவினைகளில் ‘சிங் அவுட்’ தமிழ்ப்படுத்துவோரை எளிதில் வழிதவறச் செய்வது. சொல்லை மட்டும் பார்த்தால் ‘பாடு’ என்று வரும். ‘கத்து’ என்று போட்டால் இல்லாத கோபம் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கு நேரான தமிழ் ‘குரல் கொடு’ என்பதே என் துணிபு.

இந்த வினை கடல் தொழிலாளர் பேச்சில் ஊறியது. மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலில், திமிங்கிலத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கப்பல் தலைவன் கேட்கிறான். மாலுமிகளின் விடையில் இவ்வினையே வருகிறது. கயிறு இழுக்கும்போது ஒருவர் எழுப்பும் குறுங்கூவலுக்கும் இதுவே பெயரானது. கூவலும் பாட்டும் வேலைக்கான ஏவலும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

உச்சமுனை போல் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீளும் இலங்கையின் கற்பிட்டிப் பகுதிக் கரைகளுக்கு இந்தக் கலப்பு புதிதல்ல. கரைவலையின் இரு வடங்களையும் இரு அணிகள் மணலில் நின்று இழுக்கின்றன. வலையின் மடி கரையை நெருங்க நெருங்க அணிகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. ஈழத்துக் கரைகளில் இந்த இழுவைக்கென்றே அம்பாப் பாடல்கள் உண்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குகிறார்கள். வாங்கும் அந்த நொடியில்தான் குதிகால் மணலில் புதைந்து வடம் பின்னே வருகிறது. அடியெடுப்பவர் கத்துகிறார் என்றால் தமிழ்க் காது ஏற்குமா?

இங்கே ‘அவுட்’ என்பது வெளியே என்னும் திசையைக் குறிக்கவில்லை. ஒலி மற்றவர் செவிக்கு எட்டுவதைக் குறிக்கிறது. தமிழில் அந்த வேலையைக் ‘கொடு’ செய்கிறது. சத்தத்தை யாரும் போடலாம், கேட்க ஆள் வேண்டியதில்லை. குரலைக் கொடுப்பதற்கோ, அதை வாங்க ஒருவர் வேண்டும். ‘ஏதாவது வேண்டுமென்றால் ஒரு குரல் கொடுங்கள்’ என்று அடுத்த வீட்டாரிடம் சொல்வதும் இப்பொருளில்தான்.

‘குரல் கொடு’ இன்று ஆதரித்துப் பேசுதலுக்கு உரியதாகிவிட்டதே என்று ஒரு தடை எழலாம். வேற்றுமை உருபு அதைத் தீர்த்துவிடும். ‘மீனவருக்குக் குரல் கொடுத்தான்’ என்றால் கூப்பிட்டான்; ‘மீனவருக்காகக் குரல் கொடுத்தான்’ என்றால் பரிந்து பேசினான்.

மற்றக் கூட்டுவினைகளுக்கும் சொல்லுக்குச் சொல் தேடுவது வீண். ‘ஷவுட் டவுன்’ என்பதில் செயலின் விதம் வினையிலும் விளைவு ஒட்டுச்சொல்லிலும் இருக்கின்றன. தமிழ் இதைத் தலைகீழாக்குகிறது: ‘கத்திக் கத்திப் பேசவிடாமல் செய்தார்கள்’. விதம் வினையெச்சத்திலும் விளைவு வினைமுற்றிலும் அமைகின்றன. மொழியியலாளர் லியோனார்ட் டால்மியின் மொழி வகைப்பாடு சுட்டும் வேறுபாடு இதுவே. ‘ஷவுட் அட்’டுக்கு ‘அவர் மேல் கத்தினார்’ என்று எழுதுவதும் தேவையற்றது. ‘அவரை ஏசினார்’ என்பது இலங்கையில் அன்றாடப் பேச்சு.

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்போர் இவ்வினைகளுக்குப் பொருளோடு வேற்றுமை உருபையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ‘சிங் அவுட்’ என்னும் பதிவில் ‘(ஒருவருக்குக்) குரல் கொடு’ என்பதே முதற்பொருளாக நிற்கட்டும்.